நீலச்சட்டைக்காரர் பார்த்த இரண்டு பச்சை

தெருவில் அவரை நீலச்சட்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள். மில் வாசலில் வாட்ச்மேனாக நின்ற காலத்தில் கம்பெனி கொடுத்த சட்டை நீலம். அதில் வந்த பேர் என்று அவர் நினைத்திருந்தார். மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் பேர் மட்டும் நிற்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வாசலில் நின்று நின்றே யாரையும் நம்பாத ஆளாகிவிட்டார். லாரி டிரைவர் சிரித்துக்கொண்டு வந்தால் சந்தேகப்படுவார். சிரிக்காமல் வந்தால் இன்னும் சந்தேகப்படுவார். ஒருமுறை முதலாளியின் சாப்பாட்டுக் கேரியரையே திறந்து காட்டச் சொன்னார். முதலாளி கோபப்படாமல் சிரித்துக்கொண்டே திறந்து காட்டினார். ஏன் கோபப்படவில்லை என்று இவர் அன்று சாயங்காலம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார்.

மில் போனது, புத்தி போகவில்லை. பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். வீட்டுக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பக்கத்து வீட்டுக் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பார். பிறகு பக்கத்து வீட்டுக்காரனுடையது சரியா என்று வேறு யோசிப்பார்.

இப்படிப்பட்ட மனுஷன் தன் கண்ணைக் கொண்டுபோய் ஒரு டாக்டர் கையில் கொடுத்தார் என்றால், அது மகள் படுத்திய பாடு. மகள் தையல்கடை வைத்திருக்கிறாள். ஒரே பெண். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சுப்பா. இப்படியே விட்டா சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பீங்க" என்று சொல்லிச் சொல்லிக் கரைத்துவிட்டாள். முதலில் இடது கண். அது ஆறியதும் வலது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் உட்காரவைத்து ஏதேதோ விளக்கம் சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. புதுச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார். கதவு திறந்து மூடும் போதெல்லாம் அந்த இடுக்கு வழியாகச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு பத்திரமாகத் திரும்பி வந்தது. டாக்டர் சொன்னது வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். அங்கேதான் வந்தது வினை.

தலையணை உறை நீலமாக இருந்தது.

துண்டைப் பார்த்தார். நீலம். பனியனைக் கழுத்தோடு இழுத்துப் பார்த்தார். அதுவும் நீலம். எல்லாம் வெள்ளைத் துணி. அவருக்குத் தெரியாதா? வெள்ளை போதவில்லை, வெள்ளை போதவில்லை என்று இத்தனை வருஷமாக மனைவியோடு மல்லுக்கட்டி வெளுக்கவைத்த துணிகள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். வெள்ளை. வலதை மூடி இடதால் பார்த்தார். நீலம்.

சரி, கண்ணைக் கெடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். கண்ணுக்குள் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒன்றை வைப்பார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நல்லது தீர்ந்துபோயிருக்கும், மிச்சம் கிடந்த நீலத்தை வைத்து மூடிவிட்டான். கேட்பார் யார்?

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மகள் குதிப்பாள், இழுத்துக்கொண்டு போவாள், அதே ஆள் அதே கத்தியோடு மறுபடியும் கண்ணைத் திறப்பான். ஒருதரம் கெடுத்தவன் இன்னொருதரம் சரியாகச் செய்வான் என்று என்ன நிச்சயம்? அதனால் இடது கண்ணைப் பாதி சாத்திய கடை மாதிரி வைத்துக்கொண்டு, பழைய வலது கண்ணாலேயே காலத்தை ஓட்டினார். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி இருக்கவே இருக்கிறது.

வலது கண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தது. மகள் அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். இவர் போவதாக இல்லை. ஒன்று போனது போகட்டும், மிச்சமிருக்கிற ஒன்றையும் நீலமாக்கிக்கொள்ள அவருக்குப் பைத்தியமா? வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது என்று தீர்மானம் பண்ணிவிட்டார். இரண்டு நாளாக இருமிப் பழகிக்கொண்டும் இருந்தார். ஆனால் அந்த வலது கண்ணும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. எதிரே வருகிற ஆளின் முகம் கிட்டே வந்தால்தான் முகமாகத் தெரிந்தது. அது முழுசாக மூடிப்போனால் பிறகு என்ன என்பதை மட்டும் அவர் யோசிக்காமல் தள்ளிவைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மனைவிக்குப் படுக்கையறைக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று தோன்றியது.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து இந்த ரூம்லதானே படுக்கப்போறீங்க. பச்சை அடிச்சா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்றாள்.

எந்தக் கண்ணுக்கு என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டார்.

பெயிண்டர் வந்தான். பக்கத்துத் தெருவில் இருக்கிறவன், வாயில் எப்போதும் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டே வேலை செய்கிறவன். பழைய பெயிண்ட்டையெல்லாம் சுரண்டி, சுவரைச் சாம்பல் நிறமாக்கிவிட்டு, நடுச்சுவரில் கதவுப் பலகை அளவுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பச்சையைப் பூசிக் காட்டினான். கம்பெனிக்காரன் வைத்த பேர் ஒன்றுக்குத் தளிர், மற்றதுக்குக் குளம்.

"பச்சைன்னு சொன்னா அவன் சொத்து குறைஞ்சுபோயிடுமா?" என்றார் நீலச்சட்டைக்காரர்.

"ரெண்டும் பச்சைதானேய்யா. பேர் இல்லைன்னா கடைக்காரன் எதை எடுத்துக் குடுப்பான்?"

மனைவி தளிர்தான் அழகு என்றாள். குளம்தான் அழுக்குக் காட்டாது என்றான் பெயிண்டர். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிவிட்டு, இவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. படுக்கப்போறது நீங்க. எது நல்லாருக்கு?"

அவர் பார்த்தார். பழைய கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. ஒரு டப்பாவில் தொட்டு இரண்டு இடத்தில் பூசியது போலத்தான் இருந்தது. சந்தேகத்துக்குப் புதுக் கண்ணை மெல்லத் திறந்து, பழசை மூடிப் பார்த்தார். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. ஒன்று சுத்தப் பச்சை. மற்றதில் நீலம் இழையோடியது.

பார்த்தாயா, இங்கேயும் நீலம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இல்லாத நீலத்தை இந்தக் கெட்ட கண் எங்கே பார்த்தாலும் கொண்டுவந்து கொட்டுகிறது. மறுபடியும் இடதை மூடினார், வலதைத் திறந்தார். வலதை மூடினார், இடதைத் திறந்தார்.

"என்ன, பெயிண்டரைப் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "எனக்குக்கூட இத்தனை வருஷத்துல ஒருதரம் அடிச்சதில்லை."

பெயிண்டர் குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"தூசி" என்றார் அவர். "ரெண்டும் ஒண்ணுதான். எதையாவது அடிச்சுத் தொலை."

"ரெண்டும் ஒண்ணா?" மனைவி கிட்டே வந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "இது ரெண்டும் உங்களுக்கு ஒண்ணாவா தெரியுது? ஆபரேஷன் பண்ணியுமா?"

"ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"இல்லை, ஒண்ணுன்னீங்க. மத்தியானம் பொண்ணுக்கு போன் போடறேன். டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டே வந்துரலாம். எனக்கு என்னமோ சரியாப் படலை."

"ஒரு வெங்காயமும் வேணாம். நல்லாப் பார்த்துட்டுச் சொல்றேன். நீ உன் வேலையைப் பாரு."

"நான் கடைக்குப் போய்ட்டு வரேன். வர்றதுக்குள்ள நின்னு நிதானமாப் பார்த்துச் சொல்லுங்க. சரியாச் சொல்லலைன்னா போன்தான்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். பச்சை இப்போது பச்சையாக இல்லை, பரீட்சையாகிவிட்டது. எதைச் சொல்வது? வித்தியாசம் இல்லை என்றால் கண் சரியில்லை என்பாள். வித்தியாசம் இருக்கிறது, அது நீலம் என்றால், அப்போதும் மாட்டிக்கொள்வார். எந்தப் பக்கம் போனாலும் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடுகிற வழியாகத்தான் இருந்தது.

பெயிண்டர் மூலையில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு ஜன்னல் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இவர் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார்.

மில்லில் லாரிக்குப் பாரம் பார்க்க இரண்டு எடைமேடை உண்டு. ஒருநாள் இரண்டும் ஒரே லாரிக்கு இரண்டு விதமாக எடை காட்டின. எது பொய் சொல்கிறது என்று மானேஜரும் கிளார்க்கும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிறகு எடை தெரிந்த ஒரு இரும்புக் குண்டைக் கொண்டுவந்து இரண்டிலும் ஏற்றிப் பார்த்தார்கள். பொய் சொன்னது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

இங்கேயும் அதுதான் வழி. இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. சந்தேகத்துக்கு இடமில்லாத சாமான் ஒன்று வேண்டும். அது என்ன? அவருடைய வெள்ளைச் சட்டைதான். அதன் வெள்ளையை அவரைவிட யாருக்குத் தெரியும்? பழுப்பு, பழுப்பு என்று எத்தனை சண்டை. இந்த இரண்டு மூன்று வருஷமாகத்தான் சொன்னபடி பளீரென்று வருகிறது.

கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை உருவி வந்தார். இரண்டு பச்சைக்கும் நடுவில், பழைய ஆணி ஒன்றில் மாட்டினார். தள்ளி நின்றார். உள்ளங்கையால் இடதை மூடிப் பழைய கண்ணால் பார்த்தார். வெள்ளை. கையை மாற்றினார்.

நீலம். சந்தேகமே இல்லாத நீலம்.

அவ்வளவுதான். குண்டு ஏற்றியாகிவிட்டது, மேடை பொய் சொல்லிவிட்டது. இத்தனை நாளும் ஒரு ஓரத்தில், ஒருவேளை நம் சந்தேகம் தப்பாக இருக்குமோ என்று ஒரு சின்ன ஆசை இருந்தது போலிருக்கிறது. அது இப்போது அணைந்தபோதுதான் இருந்தது என்றே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனிமேல் ஒற்றைக் கண்தான், அதுவும் மங்கல். மகள் குனிந்து கும்பிடாத குறையாகக் கேட்டாளே, அவளிடம் என்ன சொல்வது? தைத்துத் தைத்து முதுகு வளைந்த பிள்ளை, அப்பாவுக்குக் கண் தெரியவேண்டும் என்று அலைந்தாள். அவள் செய்தது இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியாமலே போகட்டும். இருமல் இன்னும் கொஞ்சம் நன்றாக வரவேண்டும்.

"ஐயா" என்றான் பெயிண்டர், தேய்ப்பதை நிறுத்தாமலே. "அந்த நீலச் சட்டையை அங்கேருந்து எடுத்துருங்க. தூசி பறக்குது. பெயிண்ட் வேற தெறிச்சுதுன்னா போகாது."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"எந்தச் சட்டையை?"

"அதான், ஆணியில மாட்டியிருக்கே."

"என்ன சட்டைன்னு சொன்னே?"

"நீலச் சட்டை."

நீலச்சட்டைக்காரர் எழுந்தார். எழுந்த விதம் மில் வாசலில் லாரியை மறிக்க எழுவாரே, அப்படி இருந்தது. பெயிண்டர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

"கண்ணாடி கிண்ணாடி போடுவியா?"

"இல்லையே."

"அம்மா கிட்ட ஏதாவது பேசினியா? என் வீட்டம்மாவைச் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வச்சு விளையாடறீங்களா?"

"என்னய்யா இது. பெயிண்ட் அடிக்க வந்தவனைப் புடிச்சு..."

"இரு."

உள்ளே போனார். தலையணை உறையைக் கொண்டுவந்து நீட்டினார். "இது?"

"நீலம்."

துண்டு. "இது?"

"நீலம். கொஞ்சம் தூக்கல்."

போட்டிருந்த சட்டையின் முதல் பட்டனைக் கழற்றிப் பனியனைக் காட்டினார். பெயிண்டர் இரண்டடி பின்னால் போனான். "அதுவும் நீலம்தான். ஐயா, உங்க வீட்டுல எல்லாமே நீலம்தானே. உங்களுக்குப் புடிச்ச கலர்னு நினைச்சேன். நீலச்சட்டைக்காரர் வீடுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

"அது மில் சட்டையால வந்த பேரு."

"எந்த மில்லு?"

"என்ன எந்த மில்லு?"

"நான் இங்க குடிவந்தே கொஞ்ச காலம்தான்யா ஆச்சு. நான் மில்லையும் பார்த்ததில்லை, மில் சட்டையையும் பார்த்ததில்லை. உங்களை இந்த வெளிர் நீலத்துலதான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவருக்குத் தலை சுற்றியது. சுற்றுகிற தலையிலும் வாசல்காரப் புத்தி வேலை செய்தது. சட்டை சரியான குண்டு இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் வேறு குண்டு வேண்டும். "உங்கிட்ட வெள்ளையா ஏதாவது இருக்கா? இந்த வீட்டுத் துணி இல்லாம. உன்னுது."

"பிரைமர் இருக்கு. சுவருக்கு முதல் கோட்டுக்கு வச்சிருக்கேன். அதைவிட வெள்ளை எங்கேயும் கிடையாது."

டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தான். நீலச்சட்டைக்காரர் குனிந்தார். இடது கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தார். ஆறிப்போன டீயில் பால் விட்டது மாதிரி ஒரு பழுப்பு. இந்தப் பழுப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த பழுப்பு. இத்தனை வருஷமாகத் துணியில் பார்த்துச் சண்டை போட்ட அதே பழுப்பு. கையை மாற்றினார். புதுக் கண்ணைத் திறந்தார். பாதியாக இல்லை, முழுசாக.

வெள்ளை. கண் கூசுகிற வெள்ளை. அதில் நீலம் ஒரு பொட்டுகூட இல்லை.

டப்பாவுக்கு மேல் குனிந்தபடியே நின்றார். பெயிண்டர் பயந்துபோனான். "ஐயா, வாசனை ஆகாது, தள்ளி வாங்க. மயக்கம் வரும்."

"வரட்டும்" என்றார்.

வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் விறுவிறுவென்று போய் நிலைப்படியில் குறுக்கே நின்றார்.

"பையைத் திற."

"என்னது?"

"பையைத் திறந்து காட்டு."

"மில்லுன்னு நினைப்பா? தள்ளுங்க, கை வலிக்குது."

"திறந்தாத்தான் உள்ளே."

அவள் முறைத்துக்கொண்டே பையை விரித்தாள். காய், சோப்பு, உப்பு. அடியில், காகிதத்தில் சுற்றி, ஒரு பாட்டில். அவர் எடுத்துப் பிரித்தார். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். சின்னப் பாட்டில் இல்லை, இருப்பதிலேயே பெரியது.

அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. தார்ப்பாயை விலக்கும்போது டிரைவர் முகத்தில் வருமே, அது.

"இது எதுக்கு?"

"துணிக்கு. வேற எதுக்கு, குடிக்கவா?"

"எவ்வளவு போடுவே?"

"போடுவேன், கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

அவள் பையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்ட பிறகு பெண்பிள்ளைக்கு ஒரு தைரியம் வருமே, அது வந்துவிட்டது.

"கேக்கறீங்கல்ல, கேளுங்க. பழுப்பு பழுப்புன்னு நீங்க போட்ட கூச்சல் கொஞ்சமா? துணியை என் மூஞ்சியிலயே எறிஞ்சீங்க. சோப்பை மாத்தினேன், பழுப்புன்னீங்க. ஊறவச்சுத் துவைச்சேன், பழுப்புன்னீங்க. சரின்னு ஒரு சொட்டு நீலம் போட்டேன். பத்தலைன்னீங்க. ரெண்டு சொட்டு போட்டேன். இன்னும் பத்தலை. அப்புறம் சொட்டெல்லாம் எதுக்குன்னு மூடியைக் கழட்டிட்டு ஊத்த ஆரம்பிச்சேன். அன்னிக்குத்தான் சட்டையைத் தூக்கிப் பார்த்து, 'இதுக்குப் பேருதான் வெள்ளை'ன்னீங்க. அன்னியிலேருந்து வீட்டுல சண்டை இல்லை. நான் எதுக்கு நிறுத்தணும்?"

பெயிண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"தெருவே பார்த்திருக்குமேடி."

"பார்த்துது. சிரிச்சுது. நீலச்சட்டைக்காரர்னு பேரும் வச்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. ஒருதரம், 'ஏங்க, நீலம் அதிகமாயிடுச்சு'ன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னீங்க."

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றிலிருந்து ஏதோ குமுறிக்கொண்டு வந்தது. இருமல் என்று நினைத்தார். சிரிப்பாக இருந்தது. வெகுநாளாக அவர் சிரித்ததில்லை, அதனால் சத்தம் கொஞ்சம் துருப்பிடித்த இரும்புக் கேட் மாதிரி வந்தது.

மனைவி பயந்து கிட்டே உட்கார்ந்தாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து தலையணை உறை நீலமாகத் தெரிந்தது, டாக்டர் கண்ணைக் கெடுத்துவிட்டான் என்று நினைத்தது, ஒற்றைக் கண்ணோடு திரிந்தது, இருமிப் பழகியது, வியாழக்கிழமை போகப்போவதில்லை என்று இருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, அதாலேயே முதுகில் ஒன்று போட்டாள். வலிக்கவேண்டும் என்றுதான் போட்டாள்.

"கண்ணு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? என்கிட்டகூடவா? உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு, நான் வச்ச சோத்தை ஒத்தைக் கண்ணால பார்த்துத் தின்னுக்கிட்டு..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்வதற்குள் மூன்றுதரம் சிரித்துவிட்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்பாகிட்ட குடும்மா" என்றாள் மகள்.

அவர் போனை வாங்கினார்.

"அன்னிக்கே டாக்டர் சொன்னாரேப்பா. 'புரை இருக்கிற கண்ணு எல்லாத்தையும் பழுப்பாக் காட்டும், ஆபரேஷன் பண்ண கண்ணு உள்ளபடி காட்டும், ரெண்டும் ரெண்டு விதமா இருக்கும், இன்னொண்ணும் பண்ணினதும் சரியாயிடும்'னு அவ்வளவு பொறுமையாச் சொன்னாரு. நீங்களும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டினீங்க. என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"செருப்பைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"வியாழக்கிழமை காலையில வரேன்" என்றாள் மகள் கடைசியில். "காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது வருமா?"

"வராது."

போனை வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மடித்து வைத்தார். சுவர் எதிரே நின்று, ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகை வாசிக்கச் சொல்லும்போது மூடுவது போலப் பழைய கண்ணை உள்ளங்கையால் மூடினார். புதுக் கண்ணை நன்றாகத் திறந்தார். இரண்டு பச்சையும் பிரிந்து நின்றன. வித்தியாசம் நூலளவுதான், ஆனால் இருந்தது. அது சுவரில் இருந்தது, அவர் கண்ணில் இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார், ஜன்னலோரம் நின்று பார்த்தார். பார்க்கிறது தெரிகிறது என்பதற்காகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளத்துல கொஞ்சம் நீலம் கலந்திருக்கு" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றான் பெயிண்டர். "கம்பெனிலயே அப்படித்தான் கலக்கறாங்க. அதான் அழுக்குக் காட்டாது."

"தளிர்ல இல்லை."

"இல்லை."

"தளிரையே அடி."

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். "அதைத்தானே நான் காலையிலேருந்து கத்தறேன்."

"நீ சொன்னதுக்காக இல்லை. நீலம் இல்லாத ஒரு சாமான் இந்த வீட்டுல இருக்கட்டும்."

பெயிண்டர் பிரைமர் டப்பாவைக் கலக்கிக்கொண்டே, மெதுவாகக் கேட்டான். "அம்மா, அந்த நீலப் பாட்டில் இனிமே வேணாம்னா குடுங்க. மேல்கூரைக்கு வெள்ளையடிக்கிறப்ப ஒரு சொட்டு விட்டா எடுப்பா இருக்கும்."

"ஒரு சொட்டுதானே?" என்றார் நீலச்சட்டைக்காரர்.

"ஒரே சொட்டு."

"நான் பக்கத்துல நிப்பேன்."

நின்றார். ஒரு சொட்டு விழுகிற வரைக்கும் பார்த்து, பாட்டிலை வாங்கி மூடி, தானே எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலையில் மகள் வந்தபோது அவர் குளித்துத் தயாராக இருந்தார். வெளிர் நீலச் சட்டைதான் போட்டிருந்தார். வேறு சட்டை இல்லை, எல்லாம் அதே நீலம். தெருவில் எதிரே வந்த ஒருவர், "நீலச்சட்டைக்காரரே, எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார்.

"இன்னொரு கண்ணையும் திறந்துட்டு வரப்போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டாக்டர் அறைக்கு வெளியே புதுச் செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே உட்கார்ந்து, டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் கேட்டார். புரியாததைத் திருப்பிக் கேட்டார். செருப்பு இருக்கிறதா என்று நடுவில் ஒரே ஒருதரம்தான் திரும்பிப் பார்த்தார். புதுக் கண்ணுக்கு அது வாசலிலேயே தெளிவாகத் தெரிந்தது.